வீட்டுக்கு ஒரு செயலி... பதிவு செய்வது யார்?

அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. சமையலையும் கவனித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறார் அந்த வீட்டின் அம்மா. இரவு விருந்துக்கு அழைத்திருந்த தோழி வந்தாயிற்று. பாத்திரம் பொங்கி, வெந்தது எல்லாம் தரையில் கொட்டுகிறது. சத்தம் கேட்டு ஓடி வருகிறார் கணவர். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று பதறுகிறார். எல்லாவற்றையும் நான் ஒருத்திதானே செய்தேன் என்று மனைவி வெடிக்கிறார். என்னைக் கேட்டிருக்கலாமே, கூட மாட உதவியிருப்பேனே என்கிறார் கணவர்.

2017-ல் எம்மா என்ற பெயரில் எழுதும் பிரெஞ்சுப் பெண் ஒருவர் வரைந்த படக்கதை இப்படித்தான் தொடங்குகிறது. இணையத்தில் வெளியான சில வாரங்களில் அது நாடு கடந்து பரவியது. படித்த பெண்கள் ‘இது எங்கள் வீட்டுக் கதை’ என்று பகிர்ந்தார்கள். எம்மா சொன்னது இதுதான்: என்னைக் கேட்டால் செய்வேன் என்று கணவர் சொல்லும்போதே, என்ன வேலை இருக்கிறது, எப்போது முடிக்க வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும் பொறுப்பு மனைவியின் தலையில் ஏறிவிடுகிறது. பாத்திரம் கழுவுவது ஒரு வேலை. கழுவ வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

எம்மா படித்தது கணினிப் பொறியியல். இதே பிரச்னையை மென்பொருளால் தீர்த்துவிடலாம் என்று நம்பி அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கியவர்களும் கணினிக்காரர்கள்தான். அந்தப் படக்கதைக்கு 12 ஆண்டுகள் முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

சியாட்டிலில் பிறந்த ‘கோஸி’

மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ராபி கேப், யான் மிக்சோவ்ஸ்கி என்ற இருவர், 2005-ல் சியாட்டில் நகரில் ‘கோஸி’யைத் தொடங்கினார்கள். குடும்பம் முழுவதற்கும் ஒரே காலண்டர், ஒரே மளிகைப் பட்டியல், செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல். இவ்வளவுதான் யோசனை. முதலில் அது விண்டோஸ் கணினியில் நிறுவும் மென்பொருளாக வந்தது. குடும்பப் புகைப்படங்களை அடுக்கிக் காட்டும் ஸ்கிரீன்சேவரும் அதோடு சேர்ந்து வந்தது. இணையச் சேவையாகவும் கைபேசிச் செயலியாகவும் அது பரவியது பிறகு.

அன்றைக்கு இந்தத் தேவை எங்கே கிடந்தது என்று பார்க்க அமெரிக்க வீட்டின் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தால் போதும். காந்தம் வைத்து ஒட்டிய மாதக் காலண்டர், பள்ளியின் சுற்றறிக்கை, பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் சீட்டு, கால்பந்துப் பயிற்சி அட்டவணை எல்லாம் அங்கேதான். அப்பா அலுவலகத்தில் இருந்துகொண்டு அந்தக் கதவைப் பார்க்க முடியாது. அம்மாவுக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும். பள்ளி விடும் நேரத்துக்குப் பிள்ளையைக் காரில் போய் அழைத்து வர வேண்டிய ஊரில், இருவரில் யார் போவது என்பதில் ஒரு சின்னக் குழப்பம் வந்தாலும், பிள்ளை பள்ளி வாசலில் நிற்கும்.

அலுவலகத்துக்குத்தான் காலண்டர் மென்பொருள் ஏற்கெனவே இருந்ததே, அதையே வீட்டுக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி வரும். இங்கேதான் அந்த இருவரும் கூர்ந்து யோசித்தார்கள். அலுவலகக் காலண்டரில் ஒருவர் அழைப்பு அனுப்புகிறார், மற்றவர் ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். ஏழு வயது மகளுக்கு அழைப்பு அனுப்பி அவள் ஏற்கும்வரை காத்திருக்க முடியுமா? மகளின் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று எழுதினால், அதில் போகிறவள் ஒருத்தி, காரை ஓட்டுகிறவர் ஒருவர், அந்த நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவர். ஒரு நிகழ்ச்சி, மூன்று பேரின் பொழுது.

அதனால் கோஸி ஆளுக்கொரு நிறம் கொடுத்தது. எந்த நிகழ்ச்சியின் பக்கத்தில் எந்த நிறப் புள்ளிகள் நிற்கின்றன என்று பார்த்தாலே அன்று யாருக்கு என்ன என்று புரியும். கடவுச்சொல்லும் குடும்பத்துக்கே ஒன்றுதான். வங்கியில் வேலை பார்க்கும் கணினிப் பாதுகாப்பு நிபுணர் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால், வீடு அப்படித்தான் இயங்குகிறது. வீட்டுச் சாவி எல்லோருக்கும் ஒன்றுதானே! அப்பா சூப்பர் மார்க்கெட்டில் நின்று பட்டியலைத் திறக்கும்போது, வீட்டிலிருந்து மகன் ‘பால்’ என்று சேர்த்தால் அது அங்கேயே தெரியும். அப்பா வாங்கியதும் அடித்துவிட்டால் வீட்டிலும் அது அடிபடும். வீட்டுப் பழக்கத்தைப் பார்த்துச் செதுக்கிய நல்ல வேலை இது. மனமாரப் பாராட்டலாம்.

━━━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: 360 கிலோ எடையில் ஒரு குடும்பக் கணினி

• வீட்டு நிர்வாகத்தைக் கணினியிடம் ஒப்படைக்கும் ஆசைக்கு வயது 60. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் ஜிம் சதர்லாண்ட், 1960-களின் நடுவில், உபரியாகக் கிடந்த பாகங்களைக் கொண்டு பிட்ஸ்பர்க்கில் தன் வீட்டிலேயே ‘எக்கோ 4’ என்ற கணினியைக் கட்டினார். எடை சுமார் 360 கிலோ. குடும்பக் கணக்கு, கடைப் பட்டியல், வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் அதன் பொறுப்பு என்று திட்டமிட்டார்.

• 1969-ல் நீமன் மார்கஸ் கடையின் கிறிஸ்துமஸ் விற்பனைப் புத்தகத்தில் ஹனிவெல்லின் ‘கிச்சன் கம்ப்யூட்டர்’ இடம்பெற்றது. விலை 10,600 டாலர். சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்கும் என்றார்கள். சுவிட்சுகளையும் விளக்குகளையும் வைத்து அதை இயக்க, இல்லத்தரசிக்கு இரண்டு வாரப் பயிற்சி! ஒன்றுகூட விற்றதாகப் பதிவு இல்லை.

• 2000-ல் ‘3காம்’ நிறுவனம் சமையலறை மேடையில் வைக்கும் ‘ஆட்ரி’ என்ற இணையக் கருவியை 499 டாலருக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டது.
━━━━━━━━━━━━

பட்டியல் தயார்... எழுதியது யார்?

பெட்டியில் இருக்கும் மூன்று கருவிகளையும் பாருங்கள். மூன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தகவலை உள்ளே போட வேண்டும். கோஸியிலும் அப்படித்தான். அதற்குப் பின் வந்த பெரும்பாலான சேவைகளிலும் அப்படித்தான்.

ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியல் ஆய்வாளர், ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது 35 தம்பதிகளைத் தனித்தனியாகப் பேட்டி கண்டார். 2019-ல் ‘அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரெவ்யூ’ ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரை, வீட்டைப் பற்றிய சிந்தனை வேலையை நான்காகப் பிரிக்கிறது. தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது. இதில் முடிவெடுப்பதை மட்டும் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்து செய்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் மனைவியின் தலையில்தான் அதிகம் விழுகின்றன.

கோடை விடுமுறை முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் முகாம் என்றால், பல மாதங்களுக்கு முன்பே விசாரிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். நான்கு முகாம்களின் கட்டணம், நேரம், தூரம் எல்லாம் பார்க்க வேண்டும். எதில் சேர்ப்பது என்பதை இருவரும் பத்து நிமிடம் பேசி முடிவு செய்வார்கள். பிறகு படிவம், தடுப்பூசிச் சான்று, தண்ணீர் பாட்டிலில் பெயர் ஒட்டுவது. காலண்டரில் கடைசியில் தெரிவது ‘முகாம், காலை 9 மணி’ என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குப் பின்னால் கிடக்கும் உழைப்பைச் செயலி காட்டாது. கணவரின் கைபேசியில் அன்று காலை நினைவூட்டல் மணி அடிக்கும். அவர் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பாதி வேலையைத் தான் செய்ததாக நம்புவார். அந்த நம்பிக்கையில் பொய் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பயனே இல்லையா என்றால், உண்டு. இதுவரை ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த அட்டவணை நான்கு பேர் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகள் அம்மாவைக் கேட்காமல் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா காய்ச்சலில் படுத்தால் வீடு ஸ்தம்பிப்பதில்லை. ஆனால், செயலியை நிர்வகிப்பதும் அம்மாவின் வேலைப் பட்டியலில் இன்னொன்றாகச் சேர்ந்துவிட்டால், சுமை இறங்கவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கிறது. பராமரிப்பாளர்களைத் தேடித் தரும் கேர்.காம் நிறுவனத்தைத் தொடங்கிய ஷீலா லிரியோ மார்செலோ, இப்போது ‘ஓஹாய்’ என்ற வீட்டு உதவியாளர் செயலியை நடத்துகிறார். சுவரில் மாட்டும் ‘ஸ்கைலைட்’ காலண்டருக்கு, பள்ளி அனுப்பிய மின்னஞ்சலை அப்படியே திருப்பி அனுப்பினால், தேதிகளை அதுவே பிரித்துப் பதிவு செய்துகொள்கிறது. தட்டச்சு செய்யும் வேலை இதனால் நிஜமாகவே குறைகிறது. மின்னஞ்சலைக் கவனித்து, இதை அனுப்பி வைக்க வேண்டும் என்று நினைக்கும் ஆள் மட்டும் இன்னும் தேவைப்படுகிறார். பள்ளிகள் அந்த மின்னஞ்சலை யாருக்கு அனுப்புகின்றன என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். படிவத்தில் முதல் எண்ணாக அம்மாவின் எண் இருக்கும்வரை தகவல் அம்மாவிடம்தான் வரும்.

எட்டு ஆண்டுகளில் நான்கு முதலாளிகள்

குடும்பச் சேவையை நடத்துவது வியாபாரமாகக் கடினம். கோஸி பிறந்த மறு ஆண்டே கூகுள் தன் காலண்டரை இலவசமாகத் திறந்துவிட்டது. 2014-ல் ஆப்பிள் நிறுவனம் ‘ஃபேமிலி ஷேரிங்’ வசதியில் குடும்பக் காலண்டரைத் தன் கைபேசிக்குள்ளேயே வைத்தது. பக்கத்துக் கடையில் சும்மா கொடுக்கும் பொருளுக்குக் காசு கேட்க வேண்டிய நிலை. மிச்சம் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று விளம்பரம். இன்னொன்று சந்தா. கோஸி இரண்டையும் வைத்துக்கொண்டது. வீட்டுக்கு என்ன வாங்குவது என்று தீர்மானிக்கும் அம்மாக்கள் தினமும் வந்து போகும் இடம் என்பதால் விளம்பரதாரர்களுக்கு அது பிடித்திருந்தது.

2014-ல் ‘டைம்’ பத்திரிகையை நடத்திய டைம் நிறுவனம் கோஸியை வாங்கியது. 2018-ல் அந்த நிறுவனத்தையே மெரிடித் என்ற இதழ் நிறுவனம் வாங்கியது. 2021-ல் மெரிடித்தின் இதழ்களும் அவற்றோடு கோஸியும் டாட்டேஷ் என்ற இணைய நிறுவனத்தின் வசம் போயின. 2022-ல் கோஸி மறுபடி கைமாறியது. பிள்ளைகளின் பிறந்தநாள், டாக்டர் பெயர், வீட்டில் ஆள் இல்லாத விடுமுறைத் தேதிகள் எல்லாம் அதில் எழுதிவைத்த குடும்பத்துக்கு, இந்த விற்பனைகளில் எதிலும் கருத்துக் கேட்கப்படவில்லை. 2024-ல், இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் அடுத்த 30 நாள்களுக்கு அப்பால் காலண்டரில் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும் என்று விதி மாறியது. பல ஆண்டுகள் பழகிய குடும்பங்கள் கொதித்தன. நிறுவனத்துக்குச் செலவு இருக்கிறது, காசு கேட்பதில் தவறில்லை. ஆனால், தன் குடும்பத்தின் தேதிகளைத் தானே எழுதிவைத்தவருக்கு, அடுத்த மாதத்தைத் திறந்து பார்க்கக் கட்டணம் என்றால் வலிக்கத்தான் செய்யும்.

2022-ல் கோஸியை வாங்கியது ‘அவர் ஃபேமிலி விஸார்ட்’. 2001-ல் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கிய இந்தச் சேவை, மணமுறிவு பெற்ற பெற்றோருக்கானது. பிள்ளை எந்த வாரம் யாரிடம், பள்ளிக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் இதில் பதிவாகும். எழுதிய செய்தியை அழிக்க முடியாது. அனுப்பிய நேரமும் படித்த நேரமும் நிற்கும். கடுமையான சொல்லை எழுதினால் அனுப்பும் முன்பே எச்சரிக்கும் வசதியும் உண்டு. அமெரிக்கக் குடும்ப நீதிமன்றங்கள் பல வழக்குகளில், இனி இதன் வழியாகத்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று பெற்றோருக்கு உத்தரவு போடுகின்றன. நேரில் முகம் பார்க்க முடியாத இருவருக்கு நடுவே பிள்ளை தூது போக வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. இந்தத் துறையில் மென்பொருள் செய்த ஆகச்சிறந்த உதவி இதுதான் என்பது என் கணிப்பு.

‘எங்கே இருக்கே?’

நேரத்தைப் பகிர்ந்த குடும்பம், இடத்தையும் பகிர ஆரம்பித்ததுதான் அடுத்த கட்டம். 2005-ல் கத்ரீனா சூறாவளியில் குடும்பங்கள் ஒன்றையொன்று தேடி அலைந்ததைப் பார்த்து கிறிஸ் ஹல்ஸுக்குத் தோன்றிய யோசனை ‘லைஃப்360’. அலெக்ஸ் ஹாரோவுடன் சேர்ந்து அவர் அதை உருவாக்கினார். கூகுளின் ஆண்ட்ராய்டு போட்டியில் அது பரிசும் வென்றது. குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும் செயலி அது. 2024-ல் அதன் பயனர்கள் 7 கோடியைத் தாண்டினார்கள்.

பயந்த நேரத்தில் அது ஆறுதல். மகள் வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தாளா என்று கவலைப்படும் தாய்க்கு அந்த வரைபடம் எவ்வளவு பெரிய துணை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பதின்வயதுப் பிள்ளைகள் பொங்கினார்கள். டிக்டாக்கில் திரண்டு, செயலிக் கடையில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் தள்ளினார்கள். நிறுவனமும் அவர்களோடு பேசி, 2020-ல் துல்லியமான இடத்துக்குப் பதிலாகத் தோராயமான வட்டத்தைக் காட்டும் ‘பபிள்ஸ்’ வசதியைக் கொண்டுவந்தது. பிள்ளைகளின் பேச்சுக்குக் காது கொடுத்தது நல்ல விஷயம்.

அதைவிடப் பெரிய இடி 2021 டிசம்பரில் விழுந்தது. குடும்பங்களின் துல்லியமான இருப்பிடத் தகவலை லைஃப்360, தரவுத் தரகர்களுக்கு விற்று வந்ததை ‘தி மார்க்அப்’ என்ற புலனாய்வு ஊடகம் வெளியிட்டது. அப்பா, அம்மா, பிள்ளைகள் எந்தத் தெருவில் எப்போது நின்றார்கள் என்பது விற்பனைச் சரக்காகியிருந்தது. அடுத்த மாதமே, துல்லியமான இருப்பிடத் தகவல் விற்பனையை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அத்தோடு விவகாரம் ஓயவில்லை. 2025 ஜனவரியில் டெக்சாஸ் மாநில அரசு, ஆல்ஸ்டேட் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் அதன் துணை நிறுவனம் ஆரிட்டியின் மீதும் வழக்குப் போட்டது. கைபேசிச் செயலிகள் வழியாக மக்கள் வண்டி ஓட்டும் விதத்தைத் திரட்டிக் காப்பீட்டு வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் செயலிகளில் ஒன்றாக லைஃப்360-ன் பெயரும் மனுவில் இருக்கிறது.

பெற்றோர் தங்கள் தகவலைக் கொடுக்கச் சம்மதிக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் தினசரி வழித்தடத்தை யாரோ ஒரு தரகரிடம் கொடுக்க எந்தப் பெற்றோரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

━━━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: நம் பக்கம் பார்த்தால்...

• இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள்.

• 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு, கணவர் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்குச் சம பங்கு உண்டு என்றது. திட்டமிடுவது, ஒழுங்குபடுத்துவது, வரவு செலவு பார்ப்பது என்று அவர் செய்யும் நிர்வாகப் பணியைத் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

• இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம்.
━━━━━━━━━━━━

இன்று நம் கையில் இருப்பது

நம் வீடுகளில் இந்தச் சேவைகள் பெரிதாக வேரூன்றவில்லை. பள்ளிச் சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. கேஸ் புக் செய்த தேதியும் பால் கணக்கும் மாதக் காலண்டரின் கட்டங்களில் பேனாவால் ஏறுகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்யாணத் தேதி, ‘குட் மார்னிங்’ படங்களுக்குக் கீழே புதைந்துபோகிறது. கடைசியில் எல்லோரும் அம்மாவைத்தான் கேட்கிறார்கள். அந்த 289 நிமிடங்களும் பெரும்பாலும் சமைப்பது, துவைப்பது போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைகளின் கணக்கு. பஸ்ஸில் போகும்போதும், தூங்கப் போகும் முன்பும் மனதுக்குள் ஓடும் பட்டியல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எனவே, இப்படி ஒரு சேவை இங்கேயும் தேவைதான். நாளை நம் ஊர் இளைஞர்கள் யாராவது தமிழிலேயே செய்தாலும் வரவேற்போம்.

செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் தகவலை விற்க மாட்டோம் என்பதை நிறுவனம் கைமாறினாலும் செல்லும்படியாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடும்பம் எழுதிய தேதிகளை எப்போது வேண்டுமானாலும் முழுதாக வெளியே எடுத்துக்கொள்ள ஒரு பொத்தானை வையுங்கள். காலண்டர் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 1998-லிருந்தே பொதுவான வடிவம் இருக்கிறது. செய்ய முடியாது என்று சொல்லக் காரணம் இல்லை.

வாசகர்களுக்கும் ஒன்று. எந்தக் குடும்பச் செயலியை இறக்கினாலும், பிள்ளையின் முழுப்பெயர், பள்ளிப் பெயர், புகைப்படம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இருப்பிட அனுமதியை, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வாங்கும் முன், தகவலை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாக்களே, பள்ளிப் படிவத்தில் முதல் எண்ணாக உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள். அடுத்த சுற்றறிக்கை வந்ததும் யாரும் சொல்வதற்கு முன் நீங்களே படித்து, தேதியைப் பதிவு செய்து, அதற்கு வேண்டிய பொருளையும் வாங்கி வையுங்கள்.